தீப்பெட்டி ஆபீசர்

ஜூலை 2

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே இது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. படித்த பிறகு கிழித்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் விலாசத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள் என்று பேப்பரில் ஒரு போட்டோ வந்தது. இரண்டாவது வரிசையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நீ நின்றாய். முன்னால் நின்றவருடைய தலை உன் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அப்பா பேப்பரைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைச் சமையலறை அலமாரியில் விரித்து மேலே டப்பாக்களை அடுக்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். அப்பா என்னைப் படைப்பள்ளியில் சேர்க்கப் போகிறார். அது ஆபீசர் பரம்பரைப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுக்கும் விடுதிப் பள்ளி. ஆண்டுக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு விடுவார்களாம். ஆகஸ்டில் நேர்முகம். நாம் ஆபீசர் பரம்பரை என்பதற்கு அத்தாட்சியாகப் நம் முன்னோர் என்று அவர் சொல்லும் பெரியவர் படத்தையே அவர்களுடைய வரவேற்பறைக்குக் கொடுத்துவிடுகிறாராம்.

பெரியவரை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போது அப்பா ஆணியை இன்னும் கீழே இறக்கி அடித்திருக்கிறார். முன்பு நாம் தலையைத் தூக்கிப் பார்ப்போம். இப்போது அந்த உள்ளங்கை அகலப் படம் என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. தப்பு செய்தால் இன்னும் அதே சட்டம்தான். குதிகாலைச் சேர்த்து நின்று, பெரியவர் கண்ணைப் பார்த்து, செய்தது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். நீ போன பிறகு உன் பங்கும் சேர்த்து எனக்குத்தான்.

பள்ளிக்காரர்கள் பெரியவரின் போட்டோவை உங்கள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் எந்தப் படைப்பிரிவு, உண்மையான ஆபீசர்தானா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டால் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

நான் போக முடியாது. காரணம் கேட்காதே. அவர் யார் என்று கண்டுபிடி. அவ்வளவுதான் கேட்கிறேன். பதில் எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள தையல்கடைக்கு அனுப்பு. அந்தக் கடைக்கார அக்கா, "வாங்கி வைக்கிறேன், ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா ராத்திரி வீட்டைச் சுற்றி வரும் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

உன் தங்கை

•

ஜூலை 9

எலிக்கு,

உன்னைத் தங்கை என்று நீயே சொல்லிக்கொண்டால் போதாது. தலைமுழுகியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். மேசை மேல் உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததும் முதலில் வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பிறகுதான் உறையைப் பிரித்தேன்.

நான் இருக்கும் இடத்தை இன்னும் எத்தனை பேரிடம் சொன்னாய்? உன் பெரியவரிடம் சொல்லியாகிவிட்டதா? உனக்குத்தான் அந்தத் தீப்பெட்டி ஆபீசரைக் கண்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளுமே.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் ஒரு பை வைத்திருந்தேன். இரண்டு செட் துணி, என் சான்றிதழ்கள். உலகத்திலேயே உன் ஒருத்திக்குத்தான் அது தெரியும். மறுநாள் நீ அவர் முன்னால் நின்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாய். உன் அப்பா என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார். நான் கடைசியில் ஓடியபோது என் பெயரைத் தவிர கையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் இங்கே கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறேன். படித்த படிப்புக்கு நான் இந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்.

ஆபீசர் பரம்பரையாம். உன் அப்பா பட்டாளத்துக் கிடங்கில் பூட்ஸும் போர்வையும் எண்ணிக் கொடுத்தவர். துப்பாக்கியைத் துடைத்திருக்கிறார், சுட்டதில்லை.

சரி. அந்த போட்டோ வந்து சேர்ந்தது. கண்ணாடி மேல் பல்பு வெளிச்சம் விழுந்ததைத் தவிர அதில் ஒரு மண்ணும் தெரியவில்லை. எங்கள் படைப் பொருள் பிரிவில் இருப்பது நானும் மேலாளரும்தான். பொருளைப் பார்ப்பது நான், கையெழுத்துப் போடுவது அவர். எப்படியும் என் தலையில்தான் விழும். அதனால் கேட்கிறேன், உனக்காக இல்லை.

படத்தை இறக்கி நல்ல வெளிச்சத்தில் பார். மேலங்கி என்ன நிறம், கழுத்துப்பட்டி என்ன நிறம், பொத்தான்கள் தனித்தனியா, ஜோடியா, தோளில் குஞ்சம் ஒன்றா இரண்டா, பின்னணியில் என்ன இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றாதே. ஈரத்துணி கொண்டு போகாதே. அது தந்தத் தகட்டின் மேல் நீர்வண்ணம். நீ மூக்குறிஞ்சி ஒரு சொட்டு விழுந்தால் அவர் மூக்கும் போய்விடும்.

போக முடியாது, காரணம் கேட்காதே என்கிறாய். கேட்கவில்லை. உன் காரணங்கள் எனக்கு வேண்டாம்.

•

ஜூலை 14

அக்காவுக்கு,

பார்த்துவிட்டேன். எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் நீ ஏதோ அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கச் சொல்கிற மாதிரி "இறக்கிப் பார்" என்று எழுதியிருக்கிறாய். அதனால் சொல்கிறேன்.

அப்பா தன் செக்யூரிட்டி வேலையில் காவல்காரர்களைச் சோதிக்கப் போயிருந்தார். அம்மா சமையலறை ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. குழாயை மட்டும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

மேலங்கி சிவப்பு. கழுத்துப்பட்டி கருநீலம். வெள்ளிப் பொத்தான்கள், ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு பொத்தானிலும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் பட்ட மாதிரி. மேலிருந்து நாலாவது ஜோடியில் மட்டும் புள்ளி இல்லை. மறந்துவிட்டார்கள் போல. குஞ்சம் அவருடைய வலது தோளில் மட்டும். பின்னால் சாம்பல் மேகம், முயல் படுத்திருப்பது மாதிரி.

இன்னொன்று. நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவருக்குச் சட்டை பொருந்தவில்லை. கழுத்து மெலிசு, கழுத்துப்பட்டி அகலம். இரவல் வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி நிற்கிறார். தாடைக்கும் பட்டிக்கும் நடுவே முடி அகலத்துக்கு ஒரு கோடு இருக்கிறது, அங்கே வண்ணமே இல்லை. சட்டை வழவழவென்று இருக்கிறது. முகம் மட்டும் சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்தி வரைந்திருக்கிறது. கீழ் உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் அவர் என்னை முறைக்கிறார் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் தும்மலை அடக்கிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

திருப்பி மாட்டும்போது கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அப்பா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாரு தொட்டது?" என்றார். அம்மா, "தூசி தட்டினேன்" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத மாட்டேன். நீதான் காரணங்கள் வேண்டாம் என்றாயே.

பையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பெரியவர் முன்னால் மறைக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா இல்லை, நீ. "எதையாவது மறைச்சா அவர் கண்ணு அசையும், பார்த்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, நான் அழும் வரை விடாமல் சிரிப்பாய். ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நான் அவர் முன்னால் நின்றேன். கண் அசைந்தது. சத்தியமாக அசைந்தது. சொல்லிவிட்டேன்.

நீ எனக்கு விளையாட்டுக் காட்டினாய். நான் நம்பிவிட்டேன். இதில் யார் கிளிப்பிள்ளை?

சீக்கிரம் பதில் போடு. அப்பா எனக்கு இப்போதே நடை பழக்குகிறார். பின்கட்டில், வெயிலில், கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு.

•

ஜூலை 24

எலிக்கு,

கண் அசைந்ததாம். உனக்கு அன்றும் மூளை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் பார்வை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வெள்ளைப் புள்ளி இல்லாத பொத்தானை நீ கவனித்திராவிட்டால் நான் இன்னும் படைப்பிரிவுப் பட்டியல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

கேள். எங்கள் சேமிப்பறை இழுப்பறையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. யாருமே எடுத்துப் பார்க்காதவை. இரண்டிலும் சிவப்பு மேலங்கி, கருநீலப் பட்டி, வலது தோளில் குஞ்சம், முயல் மேகம். நாலாவது ஜோடிப் பொத்தானில் புள்ளி இல்லை. முகம்தான் வேறு. ஒருவர் தொந்தியும் தொப்பையுமானவர், இரட்டைத் தாடை பட்டியில் பிதுங்குகிறது. இன்னொருவன் மீசையே அரும்பாத பையன். இப்போது உன் பெரியவர் மூன்றாவது ஆள். மூன்று பேருக்கும் ஒரே சட்டை.

அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய ஓவியர்கள் மழைக்காலத்தில் ஒரே இடத்தில் அடைந்து கிடப்பார்கள். படம் வரைய ஆள் வராது. சும்மா இருக்காமல் உடம்புகளை வரைந்து அடுக்கி வைப்பார்கள். கழுத்துக்கு மேலே காலியாக விட்டுவிடுவார்கள். மழை விட்டதும் ஊருக்குள் போவார்கள். உட்காருபவர் எந்த உடம்பு வேண்டும் என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம். சிவப்புச் சட்டைக்குத்தான் எப்போதும் கிராக்கி. பொண்ணு பார்க்கப் போகிறவன், அண்ணனோடு சண்டை போட்டவன், வெறும் ஆசைக்காரன் என்று யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள். எங்கள் தொந்திக்காரர் உப்பு வியாபாரி என்று அவர் குடும்பமே எழுதிக் கொடுத்திருக்கிறது. வாளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஆக, நம் வீடே குதிகாலைச் சேர்த்து நின்று பயந்தது ஒரு சட்டைக்கு. முகம் யாருடையதோ. அந்த முகத்துக்காரர் உட்கார்ந்திருந்தது நிஜம், உதட்டைக் கடித்தது நிஜம். மற்றதெல்லாம் ரெடிமேட்.

இந்த இடத்தில் நீ குதிப்பாய் என்று எனக்குத் தெரியும். குதிக்காதே. நான் இதை எழுதப் போவதில்லை. "படை அதிகாரியே, ஐயமில்லை" என்று எழுதப் போகிறேன். மேலாளர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். பிடிபட்டால் என் வேலை போகும். போகட்டும்.

நீ அந்தப் பள்ளிக்குப் போ. முட்டாளே, உனக்கு ஏன் புரியவில்லை? உன் அப்பா தன் கையாலேயே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உன்னை வெளியே அனுப்புகிறார். எனக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. நான் ஓடிய அன்றைக்கு ஏதோ நல்ல நேரம், பின்கதவில் தாழ்ப்பாள் போட மறந்திருந்தார்கள். இல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேதான். உனக்கு அந்த விடுதியில் மணியடித்து எழுப்புவார்கள், நடக்கச் சொல்வார்கள், திட்டுவார்கள். ஆனால் ராத்திரி ரவுண்டு வர மாட்டார்கள்.

அம்மாவுக்காகப் போக முடியாது என்று சொல்லப் போகிறாயானால் அந்த மையை மிச்சம் பிடி. என் சான்றிதழ் எரிந்தபோது அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைக்கூட அசைக்கவில்லை.

•

ஜூலை 29

அக்காவுக்கு,

மறந்திருந்தார்களா?

அந்த வீட்டில், அப்பா இருக்கும் வீட்டில், தாழ்ப்பாள் போட மறப்பார்களா? நீ எத்தனை வருஷம் அங்கே இருந்தாய்? ஒவ்வொரு ராத்திரியும் அவரே ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அதைக் கேட்டுக்கொண்டுதான் நாம் தூங்குவோம். உனக்கு மட்டும் நல்ல நேரம் வந்து கதவைத் திறந்ததாம். மூளை இல்லாதவள் நானா?

அம்மாதான் திறந்தாள். அப்பா ரவுண்டு முடித்துப் படுத்த பிறகு எழுந்து போய், கிறீச்சென்று சத்தம் வரக்கூடாது என்று தாழ்ப்பாளில் சமையல் எண்ணெய் ஊற்றி, இழுத்துவிட்டு வந்து படுத்தாள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். வாயில் விரல் வைத்தாள். நான் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதே போதும் என்று, அதற்குப் பிறகு எவ்வளவு கேட்டும் நான் சொல்லவில்லை.

காலையில் அப்பா தாழ்ப்பாளைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார். அம்மாவைப் பெரியவர் முன்னால் நிறுத்தினார். அவள் குதிகாலைச் சேர்த்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டிலேயே அவர் முன்னால் நின்று பேசாமல் இருந்தது அவள் ஒருத்திதான். பொழுது சாயும் வரை நின்றாள். பிறகு அப்பா அவள் வலது கையைப் பிடித்தார்.

அந்த மணிக்கட்டு இன்னும் திரும்பாது. டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. கரண்டி பிடிப்பாள், ஆனால் கிண்ட முடியாது. தலைக்கு மேல் கை போகாது. காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது நான்தான். நான் விடுதிக்குப் போனால் யார் வாருவது? அப்பாவா?

நீ விரலைப் பற்றி எழுதினாய். விரலைக்கூட அசைக்கவில்லை என்று எழுதினாய்.

நீ தப்பித்தாய், உனக்கு வாய் கிழிகிறது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எங்களுக்கு வழி சொல்கிறாய். பொய் எழுதி என்னை அனுப்பிவிட்டால் உன் மனசு ஆறிவிடும், தங்கையைக் காப்பாற்றினேன் என்று நிம்மதியாகத் தூங்குவாய். அம்மா அந்த மனுஷனோடு தனியாக இருப்பாள்.

உன் பொய் எனக்கு வேண்டாம். உண்மையை எழுதினால் எழுது. இல்லையென்றால் எனக்கு நீ செத்துப்போனவள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்துகொண்டேதான் உன்னைத் திட்டுகிறேன்.

•

ஆகஸ்ட் 5

எலிக்கு,

அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தபோது என் விரலெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. சமையலறையில் எதையோ தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது, அதைப் பற்றி.

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. இவ்வளவு நாள் அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாயே, அதற்கும் சேர்த்து இருக்கிறது. எப்படிச் சொல்வாய், விலாசம் ஏது என்று கேட்பாய். நியாயம்தான். இருந்தாலும் இருக்கிறது.

படைப்பள்ளிக்கு உண்மையை அனுப்பிவிட்டேன். மூன்று படங்களையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். அடியில் மேலாளர் கையெழுத்து. அதற்குக் கீழே, பார்வையிட்டவர் என்று என் பெயர், என் இனிஷியல், நான் குடியிருக்கும் வீட்டு விலாசம். விலாசம் போட வேண்டிய அவசியமே இல்லை. மேலாளர்கூட, "எதுக்கும்மா இது?" என்று கேட்டார். "ஒருத்தர் தேடிட்டு இருக்கார் சார்" என்றேன்.

உன் அப்பா யாரையாவது பிடித்துத் தின்னத்தான் போகிறார். என்னிடம் வரட்டும். நேர்முகத்தில் அவர் என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்காதே. எதுவும் தெரியாது, எல்லாம் அக்கா செய்தது என்று என் மேல் போட்டுவிடு. உனக்குத்தான் என்னை மாட்டிவிடுவது கைவந்த கலையாயிற்றே, இந்தத் தடவை நான் சொல்லியே செய்.

அம்மாவை எப்படியாவது அன்றைக்குக் கூடவே அழைத்துப் போ. வீட்டில் தனியாக விட்டுவிடாதே.

•

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நீ சொன்னபடி நான் செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவை அழைத்துப் போவது சிரமமாக இல்லை. தாய் தகப்பன் இருவரும் வர வேண்டும் என்று பள்ளிக்காரர்களே சொல்லியிருந்தார்கள். அப்பா அவளிடம், "முழுக்கை ரவிக்கை போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னார். அவளை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே நீளமான மேசை. நடுவில் பள்ளி முதல்வர், பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், காது மடலில் முடி. பக்கத்தில் விடுதி டாக்டரம்மா. அப்பா மேசை மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்து அதில் பெரியவரை வைத்தார். அவருடைய பூட்ஸ் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது.

முதல்வர் உங்கள் அறிக்கையைப் படித்தார். சட்டை முன்கூட்டியே வரையப்பட்டது, அணிந்திருப்பவர் யார் என்று சொல்வதற்கில்லை, படை அதிகாரி என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்பா சிரித்தார்.

"எவனோ கத்துக்குட்டி எழுதியிருக்கான் சார்."

"கத்துக்குட்டியோ என்னவோ, எழுதினது ஒரு பொண்ணு" என்று முதல்வர் அடியில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "இனிஷியல் உங்களோடது மாதிரியே இருக்கே. சொந்தமா?"

அப்பா அந்தத் தாளை வாங்கினார். விலாசம் வரை படித்தார். அவர் கழுத்து சிவந்தது. அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நீ எழுதினியா அவளுக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அதுவரைக்கும் நீ சொன்னபடிதான்.

"பெரியவரைப் பார்த்துச் சொல்லு."

டாக்டரம்மா, "யாரைப் பார்த்து?" என்று கேட்டார்.

அக்கா, அப்பாவுக்கு அப்போதும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. நம் வீட்டுக்கு வெளியே யாரும் இப்படி நிற்பதில்லை என்பதே அவருக்குத் தோன்றவில்லை. சின்ன வயசில் அவரையும் இப்படித்தான் நிறுத்தினார்களாம். பெருமையாகவே சொன்னார்.

"எங்க வீட்டுப் பழக்கம் மேடம். இவர் முன்னாடி நின்னா பொய் வராது. சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல யாரும் பேசக்கூடாது, நானே பேச மாட்டேன். நீங்களே பாருங்க, பிள்ளைய எப்படி வளர்த்திருக்கேன்னு."

நான் குதிகாலைச் சேர்த்தேன். எனக்கு வேறு எப்படி நிற்பது என்று தெரியாது. கண்ணாடிக்குள்ளே அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். உன் கடிதம் நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவர். இரவல் சட்டையில் அசையாமல் உட்கார்ந்திருந்த யாரோ. அவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

எழுதினேன் என்றேன். தையல்கடையைச் சொல்லவில்லை. படத்தை இறக்கினது நான், அம்மா இல்லை என்றேன். தூசி தட்டினேன் என்று சொன்னதற்காக அம்மாவை என்ன செய்தார் என்று சொன்னேன். நிறுத்த முடியவில்லை. பழக்கம் அப்படி, எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டுமே. பின்கட்டு வெயிலைச் சொன்னேன். உன் சான்றிதழ்களைச் சொன்னேன்.

"போதும்" என்றார் அப்பா.

தாழ்ப்பாளில் எண்ணெய் இருந்ததைச் சொன்னேன்.

"போதும்னு சொல்றேன்ல!" அவர் கை மேலே போனது.

முதல்வர் எழுந்திருக்கக்கூட இல்லை. "நடுவுல யாரும் பேசக்கூடாதுன்னீங்களே. உக்காருங்க" என்றார். அப்பா உட்கார்ந்துவிட்டார், அக்கா. மேலதிகாரி சொன்னால் உட்காருவார் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மணிக்கட்டைக் கடைசியாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வழக்கம்போல, "அவ்வளவுதான்" என்றேன்.

டாக்டரம்மா எழுந்து வெளியே போனார். அம்மாவுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, "கையக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா அந்த முழுக்கையை மடித்துவிட்டாள். திருப்பப் பார்த்தாள்.

அப்பா பெரியவரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "எழுந்திரு. போலாம்."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"செவிடா? எழுந்திருன்னேன்."

"நீங்க போங்க" என்றாள் அம்மா. அவர் முகத்தைப் பார்க்காமல், கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பெஞ்சை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இனிமே வாசப்படி மிதிச்சீங்க, ரெண்டு பேர் காலையும் ஒடிச்சிடுவேன்" என்று நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். வாசல் காவல்காரர் வந்து பக்கத்தில் நின்றார். அப்பா அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தார், அது கழன்றிருந்தது. "பொத்தானைப் போடுய்யா" என்று அவரையும் திட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடையாது. பரம்பரை இல்லையே. முதல்வர், "அது வேற, இது வேற" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போலீசிடம் அவரே பேசியிருக்கிறார், நாளைக்கு வந்து என்னிடமும் அம்மாவிடமும் கேட்பார்களாம். இப்போது நாங்கள் டாக்டரம்மா வீட்டு முன்னறையில் இருக்கிறோம். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எலும்பு தப்பாகச் சேர்ந்திருக்கிறதாம். மறுபடி உடைத்துத்தான் சேர்க்க முடியுமாம். அம்மா, "சரி, உடைங்க" என்றாள்.

உன் விலாசம் அப்பா கையில் இருக்கிறது. நீ பெரிய வீராங்கனை மாதிரி அங்கே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்காதே. டாக்டரம்மாவின் விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கிளம்பி வா. உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

எழுதி முடிக்கும்போது அம்மா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். நாம் சண்டை போட்டிருப்பதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். உனக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவமேல எனக்கும் கோவம் இருக்கு. போனவ ஒரு வரி போட்டாளா, இருக்கேன்னு? நேர்ல வந்து வாங்கிக் கட்டிக்கச் சொல்லு."